நிறுத்திவைத்த மாத்திரை

அன்புச் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு அதுதான் முதல் வேண்டுதல். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

கருப்பைப் புற்று நுரையீரல் வரை போய்விட்டதால் என்னை ஒரு மருந்துச் சோதனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று அப்பா போனில் சொன்னாரே, ஹார்மோனை அடக்க ஒரு மாத்திரை, புற்று வளரும் வழியை அடைக்க இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால் கேட்குமா என்று பார்க்கிறார்கள். எனக்குக் கேட்டதுடி. போன ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது, ஆஸ்பத்திரி லிஃப்டில் யாரும் இல்லை என்று நானும் அப்பாவும் நின்று அழுதோம். ஆனால் அந்த இரண்டாவது மாத்திரை வாயெல்லாம் புண்ணாக்கிவிட்டது, தண்ணீர் பட்டாலே உயிர் போகிறது. சொன்னால் சோதனையிலிருந்து தள்ளிவிடுவார்களோ என்று பயந்து மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் ஐஸ்கட்டியை வாயில் அடக்கி மரத்துப்போக வைத்துக்கொண்டு, நர்ஸ் கேட்டதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டினேன். பஸ் ஓட்டின காலத்திலிருந்தே உங்கப்பாவுக்கு எதையும் மனசில் மறைத்துவைக்கத் தெரியாது, உனக்குத் தெரியாதா? அவ பொய் சொல்றாம்மா, பாலைத் தவிர ஒண்ணும் இறங்கல என்று நர்ஸிடம் போட்டு உடைத்துவிட்டார். அவள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். புண் ஆறும்வரை அந்த மாத்திரை கிடையாது. ஆறினால் அளவைக் குறைத்துத் தருவார்களாம், ஆறாவிட்டால் அதோடு சரி. டாக்டரம்மா திட்டவில்லை, இன்னும் கொஞ்சம் மறைத்திருந்தால் புண் வழியாகக் கிருமி ஏறி அதுவே ஆளை முடித்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அப்பாவோடு நான் பேசுவதில்லை. அவர் செய்தது சரிதான், தெரிந்தும் மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்து, சூடு போக விசிறிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் ஒரு வாய் விழுங்கும்வரை கதவோரம் நிற்கிறார். நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் போய்ப் போய் நின்று புண்ணைப் பார்க்கிறேன். மருந்தில்லாத நேரமெல்லாம் உள்ளே அது வளர்கிற மாதிரியே இருக்கிறது. எல்லோரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். பொய்டி. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, இன்னும் இருக்க வேண்டும் என்று பேராசையாக இருக்கிறது.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். உடம்பில் எது வித்தியாசமாகத் தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டு, என்னை மாதிரி தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாதே. போன் பண்ணும்போதெல்லாம் வராதே, வேலையைப் பார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் மறந்துவிடு. மாத்திரை மறுபடி கிடைத்தாலும் வா, கிடைக்காவிட்டாலும் வா.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா