ஒரே பொடி, இரண்டு உடம்பு

அன்பு மகள் பட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். வழக்கமாக இதை ஒப்புக்கு எழுதுவேன், இந்தத் தடவை டாக்டரம்மா வாயால் கேட்டு எழுதுகிறேன். திங்கட்கிழமை மறுபடி குழாய் விட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்த்தார்கள், சுத்தமாக இருக்கிறதாம், புதிதாக எதுவும் முளைக்கவில்லையாம். அம்மா போனில் சொல்லிவிட்டாள், தெரியும். அவள் அழுதுகொண்டே சொன்னதில் நல்ல சேதியா கெட்ட சேதியா என்றே உனக்குப் புரியவில்லையாமே. நான் போனை எடுத்தால் அவள் பிடுங்குகிறாள், ஒன்றும் உருப்படியாகப் பேச முடிவதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் உனக்கு நன்றி. பெற்ற பெண்ணுக்குப் போய் யாராவது நன்றி சொல்வார்களா என்கிறாள் அம்மா, அவள் கிடக்கிறாள். ஆரம்பத்தில் சிறுநீர் சிவப்பாகப் போனபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயப் பொடியோடு பாதி ஆயுளைக் கழித்தவனுக்குச் சிவப்பைப் பார்த்தால் கை கழுவத்தான் தோன்றும். வலி இல்லை, எரிச்சல் இல்லை, தானாக நின்றும் போனது. மறுபடி வந்தபோது தெருமுனை டாக்டர் கிருமி என்று மாத்திரை கொடுத்தார். அம்மாதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உன்னிடம் உளறினாள், பெண்ணிடம் இதையெல்லாமா பேசுவது என்று எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. நீ திட்டவில்லை. "வலிச்சுதாப்பா, வலிக்காம வந்துச்சா" என்று மட்டும் கேட்டாய். வலிக்கவில்லை என்றேன். உடனே, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, என்ன வேலை பாத்தீங்கன்னு அவங்க கேக்கலைன்னாலும் நீங்களா சொல்லுங்க" என்றாய். முடிக்குச் சாயம் பூசும் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்பில் உனக்குச் சொல்லிக் கொடுத்ததாமே அது. நீ சொல்லாவிட்டால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சாயத் தொழிற்சாலை, பொடி நிறுக்கிற அறை என்று நான் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த வாரமே கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். புற்றுதான், ஆனால் மேலோடு நின்றிருந்தது, தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டி வந்திருக்குமாம்.

இனி உன் மாமா விஷயம், போனில் சொல்ல முடியாதது இதுதான். என்னை அந்த அறைக்குள் கொண்டு போய் நிறுத்தியது உன் அம்மாவின் அண்ணன்தான் என்று உனக்குத் தெரியும். வேலையில்லாமல் திரிந்த சிநேகிதனை மேலாளரிடம் சிபாரிசு செய்து தன் பக்கத்துத் தராசில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து ஒரே அறை, ஒரே பொடி. மஞ்சள் நிறுத்த நாளில் இருவரும் தும்மினால் கைக்குட்டை மஞ்சளாகும், நீலம் நிறுத்த நாளில் நீலமாகும், அதைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம், முகத்துக்குத் துணி கட்டினவனைக் கேலி செய்தோம். நான் புகைத்ததில்லை, மாமா ஊதித் தள்ளுகிறவர். அப்படியிருக்க எனக்குப் புற்று, அவருக்கு ஒன்றுமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. கூடப் பிறந்தவனுக்குக் கல் மனசு என்று அம்மா வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல் காவலாளிதான் சொன்னார், தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தர் பார்வை நேரத்தில் வந்து வாசலருகே நிற்பார், நேரம் முடிந்ததும் போய்விடுவார் என்று. அம்மா கீழே இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தாள். வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக டாக்டரம்மாவிடம், "நான்தாங்க இவர அந்த வேலைல சேத்துவிட்டேன். எனக்கு வர வேண்டியது இவருக்கு எப்படிப் போச்சு" என்று கேட்டார்.

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். மூச்சிலும் தோலிலும் உள்ளே போகிற பொடியை ஈரலில் இருக்கிற நொதிகள், என்சைம் என்கிறார்களே அவை, பக்குவப்படுத்தி வெளியே தள்ளுகின்றனவாம். சாயப் பொடியில் இருக்கிற ஒரு வகை நஞ்சை முறிப்பதற்கென்று ஒரு நொதி உண்டாம், அது சிலருக்கு வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. மெதுவானவர்களுக்கு நஞ்சு முறியாமலே சிறுநீரோடு இறங்கிப் பையில் தங்கி அதன் சுவரைக் கெடுக்குமாம். வேகமும் மெதுவும் தாய் தகப்பன் வழியாக வருவது, சாப்பாட்டாலோ பழக்கத்தாலோ மாறாது. எல்லா ஊரிலும் மெதுவானவர்கள் உண்டு, சில இடங்களில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தானாம். இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நான் மெது, மாமா வேகம். சாப்பாட்டு மேசையில் அம்மா எப்போதும் சொல்வதுதான் என்றேன், மாமா சிரிக்கவில்லை. அப்போ எனக்குப் பயமில்லையா என்று அவர் கேட்க, டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு கதவுக்குக் காவல் இருக்குன்னு மத்த கதவையெல்லாம் திறந்து போட்டுட்டுத் தூங்குவீங்களா" என்றார். வேகமான வகைக்காரர்களும் இதே வார்டில் படுத்திருக்கிறார்களாம், மெதுவான வகையில் ஆயுள் முழுக்க ஒன்றும் வராதவர்களும் உண்டாம். சிகரெட் புகையில் வேறு வேறு நஞ்சுகள் இருக்கின்றன, அதில் சிலதைத் தூண்டிவிட்டு விஷமாக்குவதே இன்னொரு நொதிதானாம், அது வேகமாக இருந்தால் அதுவே ஆபத்தாம். மாமா சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். மறுநாள் வேறு வாங்கினார், அதையும் போட்டார், அப்படிப் போட்டுப் போட்டு இப்போது நின்றே விட்டது, மிட்டாய் சப்புகிறார்.

இந்தச் சேதி தொழிற்சாலைக்கும் போயிற்று. மேலாளர் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லோருக்கும் ரத்தம் பார்த்து, வேகமானவர்களை மட்டும் பொடி அறையில் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாதே என்றார், மாமாவை அந்த அறைக்கே மேற்பார்வையாளர் ஆக்குவதாகவும் சொன்னார். எத்தனையோ வருஷமாக மாமா எதிர்பார்த்துக் காத்திருந்த பதவி. இரண்டு நாள் யோசித்தாராம். பிறகு போய், "என் ஈரல் நல்லா வேல செய்யுதுங்கறதுக்காக என் தலைல பொடியக் கொட்டாதீங்க. மெதுவானவன வீட்டுக்கு அனுப்பறதும் வேண்டாம். பொடிய மூடுங்க" என்றாராம். மேலாளர் முகம் கொடுத்தே பேசவில்லை, மாமாவைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார். ஆனால் நிறுக்கிறவர்கள் எல்லோரும் மாமா பக்கம் நின்றார்கள். போன மாதம் தராசுகளுக்கு மேல் தூசியை உறிஞ்சும் குழாய் வந்திருக்கிறது, பாதிச் சாயங்கள் இப்போது பசையாகவே வருகின்றனவாம். பதவி வேறொருவருக்குப் போய்விட்டது.

உன்னைப் பற்றியும் கேட்டேன். என்னிடமிருந்து மெதுவான பங்கு ஒன்று உனக்கு நிச்சயம் வந்திருக்கும், அம்மாவிடமிருந்து வந்தது எதுவென்று தெரியாது. நீ ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, எந்த வகையாக இருந்தாலும் கையுறை ஒன்றுதான் என்றார். சாயம் கலக்கும்போது கையுறை போடுகிறாயா, ஓட்டையானதைத் தூக்கிப் போடுகிறாயா, கலக்கிற இடத்தில் ஜன்னல் இருக்கிறதா. முதலாளியம்மா முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கேட்டு வாங்கு. உன்னோடு வேலை பார்க்கிறவர்களிடமும் சொல்லு, யார் வேகம் யார் மெது என்று முகத்தில் எழுதியா வைத்திருக்கிறது. மாப்பிள்ளை எப்போதாவது ஊதுகிறார் என்று காதில் விழுந்தது, மாமாவை விட்டு ஒரு நாள் போனில் பேசச் சொல்கிறேன், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

திங்கட்கிழமை முடிவு சொன்ன பிறகு மாமாவும் நானும் ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்து, "மாப்பிள்ள, என்மேல கோவமா" என்று கேட்டார். இத்தனை நாள் அவர் சுமந்த கேள்வி என்று புரிந்தது. நான் சொன்னேன், "அந்த வேலைய நீ வாங்கித் தரலைன்னா உன் தங்கச்சிய எனக்குக் குடுத்திருப்பியா. பட்டுதான் ஏது". அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அம்மா மருந்துப் பையோடு வந்து, நல்ல நாளில் இரண்டு பேரும் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டாள். எழுந்து மூவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம், மாமா எங்களோடு சாப்பிட்டார், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும், குறையில்லாத உடம்பும் கலங்காத மனசும் உனக்கு அமைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு நீயே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா