பழையசீவரத்துக்கு நின்ற கோல்கீப்பர்

உத்திரமேரூர்
11.7.1999

அன்புள்ள கணவர் ஜமீர் அவர்களுக்கு, சனோபர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் உங்கள் தம்பி அப்ரோஸும் இங்கே நல்ல சுகம். தம்மாமில் வெயில் எப்படி இருக்கிறதோ, நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களோ என்பதுதான் வீட்டில் தினமும் பேச்சு.

மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போன வாரத்து மழையில் பின்கட்டு ஓடு இரண்டு உடைந்தது, மாற்றியாயிற்று. பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் நம் செருப்புக்கடையில் கூட்டம் நன்றாக இருந்தது. காலையில் கடை திறக்கப் போகும் அப்ரோஸ் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்கு வருகிறான்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மாமிக்குப் பாதிதான் படித்துக் காட்டினேன். அப்ரோஸ் இனி மைதானத்துப் பக்கமே போகக் கூடாது, ஊர் எதிரில் உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டான் என்று எழுதியிருந்த பாதியை விட்டுவிட்டேன். நம் ஊரிலிருந்து காதர் பாய் எழுதியதைப் படித்து நீங்கள் கோபப்பட்டதில் தப்பில்லை. தம்பி எதிரணிக்கு கோல்கீப்பராக நின்று சொந்த கிளப்பைத் தோற்கடித்தான் என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? காதர் பாய் பொய் எழுதவில்லை. ஆனால் அவர் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்தார். நான் இந்தப் பக்கம் இருந்தேன்.

ஆமாம், நானும் போயிருந்தேன். உங்கள் சிநேகிதர், கேப்டன் கலைச்செல்வனின் மனைவி கல்பனா வந்து கூப்பிட்டாள். லீக் ஆரம்பிக்கும் முன் பழையசீவரத்துக்காரர்களோடு ஆடுகிற ஃபிரண்ட்லி மேட்ச்தானே, கும்பல் இருக்காது என்றாள். மாமியும் போய்வா என்றார்கள். மைதானத்து ஓரம் அவர்கள் டிராக்டர் நின்றது. பின்னால் டிரெய்லரில் சாக்கு விரித்து நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் இவ்வளவு பேசிய கால்பந்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பந்து எங்கே போகிறது என்று புரியவே அரை மணி ஆயிற்று.

முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரத்தில் பழையசீவரத்து கோல்கீப்பர் கம்பத்தில் மோதி விழுந்தார். கைவிரல்கள் இரண்டு வீங்கிவிட்டன. அவர்கள் ஒரு வேனில் சரியாகப் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். அவர்களுடைய கேப்டன் சடையப்பன், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னார். நம் கிளப் தலைவர் வேதாசலம் ஐயா ஒப்பவில்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டு பாதியில போறதா? எங்க பையன் ஒர்த்தன் சும்மா குந்திக்கினுதான் கீறான், இட்டுக்கினு போங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நம் கோல்கீப்பர் சின்னராசுவுக்கு மாற்றாக இரண்டு வருஷமாய் வெளியிலேயே உட்கார்ந்திருக்கும் அப்ரோஸ் எழுந்தான்.

அடுத்து நடந்தது காதர் பாய்க்குத் தெரியாது. கலைச்செல்வன் அவனை டிராக்டர் பக்கம் தனியாக அழைத்துவந்தார். "தோ பாரு அப்ரோஸு, அவங்களுக்கு நிக்கிறேன்னா அவங்களுக்குத்தான் நிக்கணும். நம்ம டீமாச்சேன்னு கைய எடுத்த, அப்பறம் என் மூஞ்சிலயே முழிக்காத" என்றார். நானும் கல்பனாவும் காதால் கேட்டோம். அப்ரோஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

இரண்டாம் பாதியில் அவன் நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஆட்டம் தெரியாது, ஆனாலும் தெரிந்தது. வீட்டில் தட்டைக் கீழே போடுகிற பையன், பந்து வந்தால் வேறு ஆளாக இருந்தான். நான்கு பந்து பிடித்தான். முதலில் சிரித்த நம் ஊர்க்காரர்கள் பிறகு திட்ட ஆரம்பித்தார்கள். "இன்னாடா, எந்த ஊர்க்காரன்டா நீ?" என்று காதர் பாய் கத்தியது எங்களுக்கே கேட்டது. அதற்குள் பழையசீவரத்துக்காரர்கள் சின்னராசுவை ஏமாற்றி ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது நமக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் கலைச்செல்வன். கல்பனா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் ஓடிவந்து அடித்தார். அப்ரோஸ் இடது பக்கம் பாய்ந்து இரண்டு கையாலும் பந்தைத் தள்ளிவிட்டான். முதலில் கை தட்டியது யார் தெரியுமா? புருஷன் அடித்த பந்து போச்சே என்று நினைக்காமல் கல்பனாதான் தட்டினாள். பிறகு நானும் தட்டினேன்.

தினமும் சாயங்காலம் கலைச்செல்வனுக்குப் பந்து பிடித்துப் பழகியவன் அப்ரோஸ்தான். அவர் எந்தப் பக்கம் அடிப்பார் என்று தெரிந்துவைத்துக்கொண்டு துரோகம் பண்ணிவிட்டான் என்கிறார் காதர் பாய். கலைச்செல்வனோ, "அவனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதா? நான் மத்த பக்கம் அடிச்சிருக்கணும்" என்று சிரிக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. கூட ஆடுகிற பையன்கள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நான் தண்ணீர் கொடுத்தபோதுதான் சொன்னான்: "பாபி, பந்து வர்றப்ப அது யார் அட்ச்சதுன்னே எனக்குத் தெரில. பந்து மட்டும்தான் தெரிஞ்சிது." இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். தப்பு செய்தவன் பார்க்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் கலைச்செல்வனும் வேதாசலம் ஐயாவும் கடைக்கே வந்துவிட்டார்கள். இந்த வருஷ லீக்கில் இவன்தான் கோல்கீப்பர், சின்னராசுவும் சரி என்றுவிட்டான் என்றார்கள். நீங்கள் கோல்கீப்பராக நின்றபோது போட்ட ஒன்றாம் நம்பர் ஜெர்சியை ஐயா இரண்டு வருஷமாய் யாருக்கும் தராமல் வைத்திருக்கிறார். அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்ரோஸ் வாங்கவில்லை. "அது அண்ணனுது. அவரு சொல்லாம நான் தொடமாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டான். இதெல்லாம் உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று வாரம் முன்பே நடந்துவிட்டது.

ஆகஸ்ட் முதல் தேதி முதல் ஆட்டம். நீங்கள் எழுதிய கோபத்தை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்தது தப்பென்றால் என்னைத் திட்டுங்கள். அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அடுத்த லீவில் வந்து ஆடுவேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் அதைப் படித்துவிட்டு, வருவீர்கள் என்றே மாமியிடம் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதிலை அவன் பெயருக்குப் போடுங்கள். கடை வழியில் இருப்பதால் தபால்காரரிடம் உங்கள் கடிதத்தை எப்போதும் வாங்குவது அப்ரோஸ்தான். உறை மேல் என் பெயரையோ மாமி பெயரையோ பார்த்துவிட்டுக் கொண்டுவந்து நீட்டுவான். தனக்கென்று ஒன்று வரவில்லையே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டு வரி போதும். இந்த மாதம் எனக்குக் கடிதம் வராவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்கு வரட்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடம்பையும் குளிர்ந்த மனதையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் சனோபர்