நட்சத்திரம் போட்ட அப்பா

மேடம்,

நீங்கள் விட்டுப்போன எட்டுப் பட்டை இத்தாலிக் காபிப் பானையைக் காலையில் அடுப்பில் வைத்தேன். அது கொடகொடவென்று கத்தியதில் காபி வாசனை வேங்கிக்கால் முழுக்கப் பரவி, கலெக்டர் ஆபீஸில் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்களாம். போன மாதம்தான் நீங்கள் உங்கள் ஊரில் காலமான செய்தி வந்தது. நீங்கள் குடியிருந்த என் வீட்டு மாடியை இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

இத்தாலியிலிருந்து வந்து அந்த மாடியில் உட்கார்ந்து நீங்கள் தேடியது ஒரே ஒரு சொல்லை: 'கொடுத்தான்'. நம் கோயில் டியூப் லைட்டில் 'உபயம் இன்னார்' என்று எழுதுகிறோமே, அதுபோல உங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் சாமிக்குக் கொடுத்ததைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். லத்தீன்காரன் டெடிட் என்றான். ஆஸ்கன்காரன் டெடெட் என்றான். உம்பிரியன்காரன் டெடே என்றான். மூன்றுக்கும் தாயான பாஷையை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளை வைத்து நீங்கள் தாயின் சொல்லைக் கண்டுபிடித்தீர்கள். அதன் முன்னால் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டீர்கள். "கண்ணால பாக்கல, ஆனா இப்படித்தான் இருந்திருக்கணும்னு அர்த்தம்ணே" என்றீர்கள்.

அதில் பாதி என் கண்டுபிடிப்பு என்று டீக்கடையில் இன்றும் சொல்கிறேன். மறுக்கத்தான் நீங்கள் இல்லை.

எனக்கு அப்பா முகம் தெரியாது. போட்டோவும் கிடையாது. நான் தூளியில் கிடந்தபோதே போய்விட்டார். அம்மா அந்தப் பேச்சையே எடுக்கமாட்டாள். அதனால் அவரை நானே உண்டாக்கிக்கொண்டேன். அவர் திதிக்கு அண்ணனும் அக்காவும் வந்திருந்த அன்று, நீங்களும் வடை சாப்பிட இறங்கி வந்தீர்கள். மலையில் அப்பா சிறுத்தையை மடக்கிய கதையை நான் சிரித்துவிட்டு ஆரம்பித்தேன்.

அண்ணன் சிரித்துவிட்டு, "போன வருசம் நரின்னுதானே சொன்ன?" என்றான்.

அக்கா சிரித்துவிட்டு, "அடுத்த வருசம் சிங்கம்" என்றாள்.

நீங்கள் எங்களை மாறி மாறிப் பார்த்தீர்கள். "மூணு பேரும் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சிரிக்கிறீங்க. ஒண்ணா வளந்தீங்களா?"

"எங்க மேடம்? அப்பா போனதும் அண்ணன் கீழ்பென்னாத்தூர்ல மாமா வூட்டுக்குப் போயிட்டான், அக்கா அடி அண்ணாமலைல சித்தி வூட்டுக்கு."

"அப்போ அம்மாகிட்டேர்ந்து வந்துதா?"

"அதுவா?" என்றாள் அக்கா. "கதை முடிஞ்சாகூட சிரிக்காது."

"அப்போ உங்கப்பாதான் சிரிச்சிட்டுப் பேசியிருக்கணும். நட்சத்திரம் போட்டுக்கோங்க."

மூலையில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"பொண்ணு பாக்க வந்தப்பவே அப்டித்தான்" என்றாள். "எங்கப்பா அவரு பேரக் கேட்டதுக்கு, சிரிச்சிட்டு அப்பறந்தான் சொன்னாரு."



"நட்சத்திரத்த அழிச்சிடுங்கண்ணே" என்றீர்கள் மெதுவாக. உங்கள் கண் கலங்கியிருந்தது. எனக்கு வடைக் காரம் ஏறிவிட்டது.

இப்போது அம்மாவும் இல்லை. என் கதைகளை நான் குறைத்துக்கொள்ளவில்லை, ஜாஸ்திதான் ஆகியிருக்கிறது. ஆனால் சொல்லத் தொடங்குமுன் சிரிப்பு வருகிற இடத்தில் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். அங்கே மட்டும் நான் எதையும் கூட்டிச் சேர்ப்பதில்லை. அது உள்ளபடியே அப்பா.