ஸ்டீரிங் நன்றாகத்தான் இருக்கிறது

ஆகஸ்ட் 6, புதன்

ஆடிக்காற்று. கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து வீட்டுத் தொழுவத்தில். கார் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

என் மனைவி மங்கை கிராம நர்ஸ். இன்று பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள். நரிக்குடிப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் எட்டரைக்கு இருக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் கரண்ட் இல்லை. காருக்குள் உட்கார்ந்து காற்று, பாட்டு, போனுக்குச் சார்ஜ். அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். இறங்கும்போது சாவியை முழுதாகத் திருப்பவில்லை.

"நேத்து நான் லைட்ட அணைக்காம வந்துட்டனோ?" என்று அவளே கேட்டாள்.

"பாத்து அணைக்கணும்ல" என்றேன். வாய்க்கு எவ்வளவு சுலபமாக வந்தது. அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டு ராமர் டிராக்டரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினான். பேட்டரிக்குப் பேட்டரி கொடுக்கும் கேபிள் எங்கள் தெருவில் யாரிடமும் கிடையாது. மோட்டார் வயரில் வெட்டிய இரண்டு துண்டு, இரண்டும் கறுப்பு. அவன் தன் பக்கத்தை முறுக்கிக் கட்டிவிட்டு, எது பிளஸ் என்று காட்ட வந்தான். எனக்குத் தெரியும், விடு என்றேன். லோடு நிற்கிறது, சட்டென்று முடியுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றான். வைத்தேன். பட்டென்று ஒரு பொறி. கருகல் வாடை. மாற்றி வைத்தேன். கார் எடுத்துவிட்டது. ராமர் பார்க்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். பத்தொன்பது வருடம். பிள்ளைகளுக்கு வயரை நீட்டும்போதெல்லாம் சிவப்பு எது, கறுப்பு எது என்று அதட்டுகிறவன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மாலை. மீட்டர் பக்கம் ஸ்டீரிங் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிகிறது, அணையவில்லை. ஸ்டீரிங் கல்லு மாதிரி. பார்த்தவை:

— ஆய்வகத்து மல்டிமீட்டர் கொண்டுவந்தேன். நிறுத்தி வைத்து 12.4 வோல்ட். ஓடவிட்டு 14.1. சார்ஜ் ஏறுகிறது. பேட்டரிமேல் குற்றமில்லை.

— டெர்மினல் இரண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன். மாற்றமில்லை.

— யூடியூபில் ஒருவர்: பேட்டரி இறங்கினால் ஸ்டீரிங்குக்குத் தன் நடு மறந்துபோகுமாம். இஞ்சின் ஓடும்போது இடது கோடி, வலது கோடி, மறுபடி நடு. மூன்று தடவை செய்தேன். தோள்பட்டை கழன்றது. விளக்கு அப்படியே.

— பியூஸ் பெட்டி. திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்றால், திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டும்.

மங்கை வந்ததும் நாளைக்கு எடுக்கலாமா என்று கேட்டாள். பேட்டரி இறங்கினால் கொஞ்ச நேரம் அப்படித்தான் காட்டும், நாலு கிலோமீட்டர் ஓடினால் தானாகப் போய்விடும் என்றேன். சரி என்றாள். கார் விஷயத்தில் நான் சொன்னதை அவள் இரண்டாம் தடவை கேட்டதில்லை. நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தவள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதியம் இரண்டரைக்குப் போன். மங்கை. குரல் அவளுடையதாகவே இல்லை.

கம்மாய்க்கரை வளைவு. எதிரே ஆடுகள். மெதுவாகத்தான் வந்திருக்கிறாள். ஸ்டீரிங்கை ஒடித்தாள், வண்டி திரும்பவில்லை. நேரே போய் வேலிக்கருவைப் புதருக்குள். ஆடு ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. ஆடு மேய்த்த பெண் பதறி ஒதுங்கியதில் கீழே விழுந்து முட்டி தோல் வழன்றுவிட்டது. மங்கையே தன் பையைத் திறந்து கழுவிக் கட்டுப் போட்டிருக்கிறாள். பிறகுதான் எனக்குப் போன் செய்திருக்கிறாள்.

அவளை உடன் வேலை பார்க்கும் பெண் ஸ்கூட்டரில் வீட்டில் விட்டாள். நான் பஸ்ஸில் போய்க் காரை எடுத்துவந்தேன். வலது விளக்கு உடைவு. கதவு முழுக்க முள் கீறல். வளைவுக்கு வளைவு எழுந்து நின்று இழுக்காத குறை. அந்த இடத்தில், அந்த வேகத்தில், நானாக இருந்தாலும் புதருக்குள்தான் போயிருப்பேன். திருச்சுழியில் வீடு வந்து சேர்வதற்குள் சட்டை பிழிய வேர்த்துவிட்டது.

வழியெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். வீட்டில் நாலைந்து பேர் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். ராமரும். "சார் பாத்து விட்ட வண்டியில கோளாறு இருக்காதே" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மங்கையும்.

"இறுகிக் கெடந்துச்சுங்க ஸ்டீரிங்கு" என்றாள்.

"ஸ்டீரிங் நல்லாத்தான் இருக்கு. நான்தான ஓட்டிட்டு வாரேன். நீ பயத்துல இறுக்கிப் பிடிச்சிருப்ப."

சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

அவள் கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் வந்து, வண்டியைக் கெடுத்துவிட்டேன், கோபப்படாதீர்கள் என்றாள். பரவாயில்லை என்று சொன்னேன். பெரிய மனசு எனக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காற்று அப்படியே. மங்கை பஸ்ஸில் போனாள். 6.40 பஸ்.

காலையில் குடத்தை இடது கையால் தூக்கிப் பார்த்தாள், பிறகு வலது கையால். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சும்மா என்றாள். சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். "என் விரலப் பிடிச்சுக்கங்க. நான் அமுக்குறேன், எந்தக் கையில பலம் கம்மின்னு சொல்லுங்க."

அவள் அம்மாவுக்குக் கையில்தான் தொடங்கியது. ஒருநாள் கரண்டி நழுவியது. அடுத்த வாரம் பக்கவாதத்தில் ஒரு பக்கமே விழுந்துவிட்டது. அப்போது மங்கைக்கு நர்ஸ் பயிற்சிக் காலம். படித்துக்கொண்டிருந்தும் எனக்குத் தெரியாமல் போனதே என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது தன் கையையே நோயாளி கை மாதிரி பார்க்கிறாள்.

அமுக்கினாள். எலும்பு நொறுங்குகிற பலம். இரண்டும் ஒன்றுதான் என்றேன். எனக்காகச் சொல்லாதீர்கள் என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பால்காரர் மணியடித்தார், அதைச் சாக்காக வைத்து எழுந்துவிட்டேன். கோழை.

ஆகஸ்ட் 9, சனி

பள்ளி விடுமுறை. காரை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் பேர் கண்ணன், சின்ன வயது, காதில் பென்சில். பானெட்டைத் திறந்தார், பேட்டரிமேல் இருக்கும் பெரிய பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"யாரோ பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்திருக்காக சார். ஸ்டீரிங்கத் திருப்பிக் குடுக்குற மோட்டாரோட பியூஸு போயிருச்சு. நல்லவேளை, வண்டிக் கம்ப்யூட்டரு பொழைச்சிக்கிருச்சு."

டிராக்டர்காரன் ஒருவன் கொடுத்தான், அவனுக்கு என்ன தெரியும் என்றேன். பாவம் ராமர். எது பிளஸ் என்று காட்டத்தானே வந்தான்.

புது பியூஸ். மிஷினை மாட்டிப் பழைய எச்சரிக்கையை அழித்தார். ஸ்டீரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பச் சொன்னார். விளக்கு அணைந்தது. ஒற்றை விரலால் சுற்றுகிறது. இத்தனைக்கும் ஒரு தகட்டுத் துண்டு. உருகிய பழைய பியூஸைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

வரும் வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டேன். வண்டி சரியாகிவிட்டது. அவள் ஓட்டிப் பார்ப்பாள். லேசாக இருக்கும். மனசு தேறிவிடும். நான் சொல்லாமலே எல்லாம் முடிந்துவிடும். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வெட்கக்கேடு.

ஓட்டிப் பார் என்றேன். சாவியைக்கூட வாங்கவில்லை. "அன்னைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. என் கைதான் சரியில்ல. எதுக்கால ஆடு இருந்துச்சு. நாளைக்குப் பிள்ளைக நிப்பாக."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

— மின் கட்டணம் கடைசி நாள்.

— ஆய்வகத்தில் 12ஆம் வகுப்பு மீட்டர் பாலக் கருவி, இரண்டு உடைசல்.

— மங்கையின் ரத்தப் பரிசோதனை வந்தது. சர்க்கரை இல்லை, சத்துக்குறைவு இல்லை. அவளுக்கு நிம்மதி இல்லை. ரத்தத்தில் இல்லை என்றால் நரம்பில்தான் என்கிறாள். மதுரையில் நரம்பு டாக்டரிடம் வியாழன் பதினோரு மணிக்குப் பதிந்துவிட்டாள். எனக்கும் லீவு போடச் சொன்னாள்.

இன்னொன்று. அவள் பகுதியில் இரண்டு கர்ப்பிணிப் பெண்களை ஸ்கேனுக்கு அவள் காரில்தான் கூட்டிப்போவாள். இரண்டு பேரும் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆட்டுக்காரப் பெண் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். நர்சம்மாவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று. இதை மங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள். "அவுக சொல்றதும் நியாயந்தான" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வண்டியை விற்றுவிடலாமா என்றும் கேட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பஸ்ஸில்தான் போனோம். காரியாபட்டியில் டீ. நான் ஓட்டுகிறேன், காரில் போவோம் என்றதற்கு, அந்த வண்டியைப் பார்த்தாலே கை மரத்துப்போகிறது என்றாள்.

என் திட்டம் இது: டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார், என் பாவம் கழிந்துவிடும். டாக்டர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், தள்ளச் சொன்னார், இழுக்கச் சொன்னார். நன்றாகத்தான் தெரிகிறது, ஆனாலும் அம்மாவுக்கு இருந்திருக்கிறது, வண்டி ஒடிக்க முடியவில்லை என்கிறீர்கள், ஒரு நரம்புப் பரிசோதனை செய்துவிடலாம் என்றார். கையில் லேசாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்களாம். ஊசியும் குத்துவார்களாம்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். நகை எதுவும் கூடாது என்று சொன்னதால் வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நாலு வளையல், சூடாக இருந்தன. ஊசி போடுகிறவளுக்கு ஊசி என்றால் பயம். இருபது வருடமாக எனக்குத் தெரியும். உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். எழுந்தாள். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். எல்லாம் சொன்னேன். பேட்டரி இறக்கியது நான், பொறி, பியூஸ், கல்லு மாதிரி இருந்த ஸ்டீரிங், அன்று வீட்டில் அத்தனை பேர் முன் சொன்ன பொய், பட்டறையில் ராமர் தலையில் கட்டியது. வரிசையாக, விளக்கமாக, மின்னோட்டம் தலைகீழானால் பியூஸ் ஏன் போகும் என்பதுவரை. இரண்டாம் தடவை பெயர் கூப்பிட்டார்கள்.

அவள் என் கையிலிருந்து வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். உள்ளே போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். நடக்க ஆரம்பித்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம். முகத்தை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை. காரியாபட்டி தாண்டியபிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு வாரமா எங்கம்மா படுத்த மாதிரி நானும் படுக்கப் போறேன்னு நெனைச்சேங்க. எனக்கப்புறம் உங்களுக்கு யாரு பொங்கிப்போடுவான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்து ஒன்பதரைக்கு வீடு. மங்கை காரில் ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏறுங்க என்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

நன்றாக ஓட்டினாள். என்னைவிட நன்றாக. கம்மாய்க்கரை வளைவில் அலுங்காமல் ஒடித்து ஓரமாக நிறுத்தினாள். கம்மாய்க்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் கருவை நிழலில் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முட்டியில் காய்ந்த புண்.

"போய் அவுககிட்டச் சொல்லுங்க. ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லுங்க" என்றாள் மங்கை. அவள் இறங்கவில்லை.

போனேன். என்ன வெயில். சொன்னேன். நர்சம்மா மேல் தப்பில்லை, அவருக்கு நன்றாக ஓட்டத் தெரியும், வண்டியைக் கெடுத்து வைத்தது நான், கெட்டுப்போனது தெரிந்தும் கொடுத்து அனுப்பியது நான் என்று. பியூஸைப் பற்றியும் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். சரி, ஊரில் சொல்லிவிடுகிறேன் என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குக் கட்டுப் போடையில அந்த நர்சம்மா அழுதுக்கிட்டே மன்னிச்சுக்கங்க மன்னிச்சுக்கங்கன்னு எத்தன தடவ சொன்னாகன்னு கணக்கே இல்ல. நீங்க அவுககிட்ட எத்தன தடவ கேட்டீக?"

வாயைத் திறந்தேன். வளையலைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனையும் சொன்னேனே. பொறி சொன்னேன், பியூஸ் சொன்னேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ராத்திரி ஒரே தட்டோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கார் என்னை விட்டுவிட்டு நரிக்குடி ரோட்டில், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்று அவளுக்கு விடுமுறை.

அடுத்த பஸ் ஒன்றேகாலுக்கு என்றாள் ஆட்டுக்காரப் பெண்.