கண்ணாடிக் கிண்ணத்து மான்

லிங்கராஜபுரம்,
நவம்பர் 9.

கர்த்தருக்குள் பிரியமான பிரிசில்லாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குப் பத்திரமாக இருங்கள். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் எதிரில் அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால்தான் கடிதம்.

காவேரித் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர்தான். குழாய், வாளி, தம்ளர் எல்லாம் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாய்க் கிடக்கிறது. வேலைக்கு வரும் காந்தா தேய்த்துத் தேய்த்து அலுத்துவிட்டாள்.

உன் தாத்தா வேலை பார்த்த வீட்டுத் துரைசானி, கப்பலேறும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடிக் கிண்ணம் ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் யாரோ ஒரு கலைஞர், சுழலும் சின்னச் செம்புச் சக்கரத்தில் பிடித்துப் பிடித்து அதில் மானைச் செதுக்கினார் என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வாரே. தண்ணீர் ஊற்றித் திருப்பினால் மான் ஓடும். நீ கைதட்டுவாய்.

அந்த மானை இப்போது உப்புக்கறை என்கிறார். மங்கலான வெள்ளையாய்த் தெரிகிறதல்லவா? நாள் முழுக்க நாரைப் போட்டுத் தேய்க்கிறார். அது செதுக்கு வேலைங்க, நீங்கதானே எனக்குச் சொன்னீங்க என்றேன். சும்மா இரு, கிறிஸ்துமஸுக்குப் புள்ள வருது, பார்த்தா என்ன நினைக்கும் என்று கத்தினார். வருவதாய் நீ எப்போதோ சொன்னதை மட்டும் மறக்கவில்லை. போன வாரம் நான் சர்ச்சுக்குப் போன நேரத்தில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எடுத்து ஊற்றியிருக்கிறார். மானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் விரல்கள்தான் வெந்துவிட்டன.

டாக்டர் கிண்ணத்தை ஒளித்துவைக்கச் சொன்னார். வைத்தேன். வீடெல்லாம் தேடிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அது கைக்கு வரும்வரை உன் பேச்சே அவர் வாயில் வரவில்லை, பிரிசி. மனசு கேட்காமல் திருப்பிக் கொடுத்தேன். உடனே புள்ள எப்ப வருது என்றார். நான் என்னதான் செய்வது, நீயே சொல்.

லீவு கிடைக்காது என்று நீ சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. நேற்றுக் கட்டுப்போட்ட கையோடு தேய்த்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு எம் பொண்ணு வருதுங்கம்மா, நீங்களும் நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போங்க என்றார். வருகிறேன் என்றேன்.

ஆண்டவர் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். எப்படியாவது வந்துவிடு, கண்ணு.

உன் அம்மா,
ரோசலின்