முகத்துவாரத்துக்கு ஒரு மெட்டு

துறைமுகத்து கிரேன் கூண்டில் பாதி ஆயுளைக் கழித்த என் அன்பு நைனாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகப் போகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இப்போது எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்கே தெரிந்திருக்கும். காரியம் இல்லாமல் உன் மகள் எப்போது கூப்பிட்டாள்?

முதலில் வீட்டுச் செய்தி. திருவொற்றியூர் வீட்டில் அம்மாவும் நானும்தான். கன்டெய்னர் லாரிகள் இன்னும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அம்மாவுக்கு முட்டிவலி. ஆனாலும் உன் படத்துக்குப் பூ வைக்க நாற்காலி போட்டு ஏறுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. வீடியோ கேமுக்கு இசை போடுகிற வேலை. சிரிக்காதே, பி.எஃப். எல்லாம் பிடிக்கிறார்கள். கேம் சோறு போடுமா என்று என்னைத் திட்டிய அம்மாதான் இப்போது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அந்தப் பனிமலை கேம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ராயபுரத்தில் ஒரு சின்னக் கடையில் நீ வாங்கி வந்த சிடி. தொலைந்துபோன தங்கையைத் தேடி ஒரு பெண் வாளோடு நடந்துகொண்டே இருப்பாள். பனிமலை, பாழடைந்த கோட்டை, கடலுக்கடியில் ஒரு நகரம். அவள் காலடிச் சத்தமும் வாள் மோதும் சத்தமும் தவிர ஒன்றும் கேட்காது. பெரிய கேமை ஒரே சிடிக்குள் அடைக்கிறதுக்காகக் கள்ளக் காப்பி போடுகிறவர்கள் இசையை மொத்தமாக வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று அப்போது நமக்கு யார் சொன்னது? கேம் என்றாலே ஊமைதான் என்று நம்பினோம். நம் தெருவில் அந்த சிடியை ஆடிய எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள்.

உனக்குத்தான் பொறுக்கவில்லை. காலை ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"இன்னாம்மா இது? எழவு வூட்ல கூட மேளம் இருக்கும். இதுல அதுகூட இல்ல."

சொல்லிவிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியை இழுத்து வைத்து நீயே தட்ட ஆரம்பித்தாய். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் ஆடுவேன், நீ பாடுவாய். பனிக்கு மூக்கால் ஒரு முனகல். கோட்டைக்கு இரண்டு விரலால் மெதுவான தட்டு. கடலடி நகரத்துக்கு வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கொப்பளித்தபடியே பாடி, பாய் முழுக்க நனைத்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். பெரிய ராட்சசன் வந்தால் கப்பல் ஊதுகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒரு ஊது. அவள் களைத்துப்போய் விளக்கு எரிகிற குடிசைக்குள் போய் உட்காருவாளே, அங்கே மட்டும் தாலாட்டு மாதிரி ஒன்று பாடுவாய். அந்தப் பனிமலை எண்ணூருக்கு அப்பால் எங்கோ இருக்கிறது, ரயில் ஏறினால் போய்விடலாம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த கேமின் நிஜமான இசையைக் கேட்டேன். அத்தனை வயலின்கள், நைனா. நடுவில் ஒரு பெண் குரல், பாஷையே இல்லாமல். உலகம் முழுக்க அதைக் கேட்டு அழுகிறார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அதே மலை, அதே பனி, படத்தில் ஒரு புள்ளி மாறவில்லை. ஆனால் முதல்முறையாக எனக்கு அங்கே குளிரெடுத்தது. அந்த வயலின்களுக்கு நடுவே அவள் அநாதையாக நடந்தாள். நம் வீட்டில் அவள் ஒரு நாளும் அநாதையாக இருந்ததில்லை. ஒரு இடம் எப்படி இருக்கிறது என்று கண் சொல்லிவிடும், அங்கே நமக்குத் துணை உண்டா இல்லையா என்று காதுதான் சொல்லும். என் தொழிலில் எனக்குத் தெரிந்தது மொத்தமே இவ்வளவுதான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி ஒரு கேம் செய்கிறது. அதில் ஒரு ஊர், கழிமுகத்து ஓரம். படகு, அலையாத்திச் செடி, ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம், தண்ணீருக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகள், மேலே சாம்பல் நிற வானம். நான்தான் அம்மாவின் ஊரான நெட்டுக்குப்பத்துப் படங்களைக் காட்டி அப்படி வரைய வைத்தேன். அந்த ஊருக்கு மெட்டுப் போடுவது என் பொறுப்பு. யோசிக்கவே இல்லை, உன் குடிசைத் தாலாட்டுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. இரண்டு வாரம் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் ரெடிமேடாக ஒரு புல்லாங்குழல் இசையை வாங்கிப் போட்டுவிடலாம் என்று எங்கள் குழுத் தலைவர் தன்மையாகத்தான் சொன்னார். எந்த ஊர் கடலுக்கும் பொருந்துகிற புல்லாங்குழல். போனில் உன் குரல் இருக்கிறதே என்று தேடினேன். கொத்துமல்லி வாங்கி வரச் சொல்கிறாய், மோட்டார் போடச் சொல்கிறாய், பாடியது ஒன்றுகூட இல்லை. நான் மறந்தால் அந்தப் பாட்டு இந்த உலகத்திலேயே இருக்காது. உண்மையைச் சொல்கிறேன், நீ போன அன்றைக்குக்கூட நான் இப்படிப் பயப்படவில்லை.

கடைசியில் அம்மாவிடம் போனேன். காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முதல் வரியைப் பாடிக்காட்டி, அடுத்தது என்ன என்று கேட்டேன். எந்த நாள் பாட்டைக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டாள். நீ தினம் ஒவ்வொரு மாதிரி பாடுவாயாம். எனக்கு எரிச்சலாகிவிட்டது. பனி வந்தால் பனிப் பாட்டு, குடிசை வந்தால் குடிசைப் பாட்டு, நைனா ஸ்கிரீனைப் பார்த்துத்தானே பாடினார் என்று சண்டைக்கே போனேன். அம்மா கையை அலம்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஸ்கிரீன எங்க பாத்தாரு? உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தாரு. நீ பயந்தா வேகமா தட்டுவாரு, அலுத்துக்கினா மெதுவா இழுப்பாரு. கிரேன் மேல குந்திக்கினு, கீழ நிக்கறவன் கையப் பாத்தே பொட்டி எறக்கினவருடி அவரு. அவருக்கு வேற இன்னா தெரியும்?"

அப்புறம் மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆடுகிறவர் போக்குக்கு ஏற்ப மாறுகிற இசை என்று எங்கள் தொழிலில் தனியாக ஒரு வித்தையே உண்டு, அதைச் செய்ய ஒரு கூட்டமே வேலை பார்க்கும். நீ ஒரு இரும்புப் பெட்டியை வைத்துக்கொண்டு செய்திருக்கிறாய். இல்லாத பாட்டின் இரண்டாவது வரியை நான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை சாயங்காலம் நைனா? ஒரு தடவையாவது நான் உன் பக்கம் திரும்பினேனா?

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். கண்ட்ரோலரைக் கையில் கொடுத்து, மைக்கைப் போட்டுவிட்டு, ஸ்கிரீனுக்கு முதுகைக் காட்டி அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவளுடைய முகத்தை மட்டும் பார்த்தேன். உதட்டைக் கடித்தாள், படகு கரையில் முட்டியிருக்கும். புருவம் ஏறியது, நகர்ந்துவிட்டது. நான் முனகிக்கொண்டே போனேன். எனக்கே தெரியாமல் கை தொடையில் தட்டியது. திடீரென்று அவள் விரல் நின்றுவிட்டது. முகம் அப்படியே தளர்ந்து, எங்கோ போய்விட்டது. முகத்துவாரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"எங்க ஊரு மாதிரியே கீதுடி. கொஞ்ச நேரம் இங்கியே நிக்கட்டா?"

நில்லும்மா என்று சொல்லக்கூட நான் பாட்டை நிறுத்தவில்லை. என்னவெல்லாம் வாயில் வந்ததோ தெரியாது. உன் முதல் வரி வந்ததா என்றும் தெரியாது. அம்மா ரொம்ப நேரம் அந்தத் தண்ணீரில் நின்றாள். கண் ஓரத்தில் ஈரம் இருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. அவள் நின்ற வரைக்கும் நானும் பாடினேன்.

வெள்ளிக்கிழமை அதைத்தான் கொடுத்தேன். குழுத் தலைவர் இரண்டு முறை கேட்டார். புல்லாங்குழல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

உனக்கு இரண்டு சத்தியம் செய்கிறேன். எந்த நாட்டில் யார் அந்தப் படகை ஓட்டி முகத்துவாரத்தில் நிறுத்தினாலும், அங்கே எதிரி வரமாட்டான், போ என்று யாரும் விரட்டமாட்டார்கள், அவர்களாகக் கிளம்புகிற வரை பாட்டு நிற்காது. இதைக் குழுவில் சண்டை போட்டு எழுதி வாங்கிவிட்டேன். இரண்டாவது அம்மாவைப் பற்றி. உன் முகத்தைப் பார்க்காமலே அத்தனை சாயங்காலத்தையும் ஆடித் தீர்த்துவிட்டேன். அவள் முகத்தை அப்படி விடமாட்டேன், நைனா.

நீ பார்த்துக்கொண்டே இருந்த முகத்துக்காரி,
உன் மகள் கலா