ஏலத்தில் போன நண்டு

பெங்களூரு
9 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜீனாவுக்கு,

நலமா? உறையைப் பிரிக்கும்போதே சிரித்திருப்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வருகிறது. மின்னஞ்சலில் எழுதினால் அலுவலகத்தில் நாலு பேர் படிக்கிறார்கள். ஆகவே தாளும் பேனாவும். கல்லூரியில் என் நோட்டைக் காப்பியடித்தவளுக்கு என் கையெழுத்தைப் படிக்கச் சிரமம் இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வடிவமைத்த விளையாட்டுக் கருவி, நம் நண்டு, விற்கவில்லை. வெளிநாட்டு வீடியோ கேம் கருவிகளுக்கு நடுவே கடைகளில் அது தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. டிசம்பரில் முதலீட்டாளர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள்: இனியும் அதற்கு அப்டேட் அனுப்புவதா, பழுது பார்ப்பதா, அல்லது எல்லாவற்றையும் நிறுத்துவதா என்று. நிறுத்தினால் காஞ்சிரங்குளத்தில் உன் சர்வீஸ் அறையையும் மூட வேண்டியிருக்கும். இதை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

இன்னொன்று. உங்கள் ஊர் பொன்னுதாஸ் அண்ணன் கடையிலிருந்து போன ஒரே ஒரு நண்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. விற்பனையைக் கூட்டிக் காட்டக் கடைக்காரர் செய்த வேலை என்கிறார்கள் இங்கே. விசாரித்து எழுது.

அன்புடன்,
அனூஜ்


காஞ்சிரங்குளம்
17 செப்டம்பர் 2024

அன்புள்ள அனூஜுக்கு,

காப்பியடித்தது நீ. சரித்திரத்தைத் திருத்தாதே.

போன வாரம் பனச்சமூட்டுக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். சத்யபாமா மாமி சுகமாக இருக்கிறார். ஏத்த வாழைக்காய் சிப்ஸ் வறுத்துக்கொண்டிருந்தார். உனக்குக் கொஞ்சம் அனுப்பட்டுமா என்றேன். “அனுப்பாண்டாம். வேணும்னா அவன் வந்து தின்னட்டு” என்று டப்பாவோடு எனக்கே தந்துவிட்டார். நன்றாக இருந்தது.

பொன்னுதாஸ் அண்ணனைச் சந்தேகப்பட்டதற்கு உனக்கு இரண்டு அடி வேண்டும். நடந்தது இதுதான்.

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையை நீ பார்த்ததில்லை. வாழைக்குலை, பலா, சேவல், தேங்காய் என்று அவரவர் உழைப்பில் விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் சர்ச் முற்றத்தில் ஏலம். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். “கோயிலுக்கே இருக்கட்டும்” என்று திருப்பி வைப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே சேவல் மத்தியானம் வரை கைமாறி, கடைசியில் கூவவும் சக்தியில்லாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் பொன்னுதாஸ் அண்ணன் ஒரு புது நண்டைப் பெட்டியோடு கொண்டுவந்து சேவலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். “எனக்க கடையில விளைஞ்சது இதாக்கும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எடுத்த ஒவ்வொருவருக்கும் அது என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. திறந்ததும் “யாருடைய கை?” என்று அது கேட்கும்படி செய்து வைத்திருக்கிறாய். கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பார்களா? பெயரைப் போட்டு, கொஞ்சம் விளையாடி, திருப்பி வைத்தார்கள். உடனே பொன்னுதாஸ் அண்ணன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கி அடுத்த ஏலத்துக்கு விடுவார். படைக்கிற பொருள் புதிதாக இருக்க வேண்டுமாம். பாடகர் குழுவின் சுகிர்தபாய் மாமி மட்டும் படகுப் பந்தயம் முடியாமல் தரமாட்டேன் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஏலம் காத்திருந்தது. இதுதான் உன் முதலீட்டாளர்கள் கண்டுபிடித்த மோசடி.

கடைசியாக எடுத்தவர் ஈசாக் அண்ணன், பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். அவரிடமும் அவர் கூட்டாளிகளிடமும் ஏற்கெனவே நண்டுகள் உண்டு. பயணிகள் வராத நேரத்தில் படகுத்துறை ஜெட்டியில் உட்கார்ந்து, நீ செய்த அந்தப் படகு விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள். நண்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று யோசித்தாயே, அதை அவர்கள் கையில் பார்க்க வேண்டும் நீ. உப்புத்தண்ணீரில் விழுகிறது, மணலில் புதைகிறது, துடைத்தால் ஓடுகிறது. உன்னை நேரில் புகழ்ந்தால் தலையில் ஏறிவிடும் என்பதால் தாளில் எழுதுகிறேன்: இவ்வளவு நல்ல பொருளை நம் வகுப்பில் வேறு யாரும் செய்யவில்லை.

நீ அந்த விளையாட்டில் நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகத்தை அப்படியே வரைந்திருக்கிறாய். நிஜத்தில் அது ஓரிடத்தில் நிற்காது. மணல் அடைத்தால் மூடும், மழையில் வேறு பக்கம் திறக்கும். திறந்த அன்றே ஈசாக் அண்ணன் எனக்குப் போன் செய்வார்: “மக்கா, பொழி தெக்கே போயிற்று. ஒனக்க படத்த மாத்து.” நான் மாற்றி அனுப்புவேன். அப்டேட், அப்டேட் என்று நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்களே, இங்கே அது இதுதான். நிறுத்தினால் பொழி அப்படியே உறைந்துபோகும். பிறகு அது அவர்களுக்கு வெறும் பொம்மை.

கூட்டத்தில் இதைச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன் தோழி,
ஜீனா


பெங்களூரு
14 டிசம்பர் 2024

அன்புள்ள ஜீனா,

சொன்னேன். சேவல் முதல் பொழி வரை எல்லாவற்றையும் சொன்னேன். ரசித்துக் கேட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். பிறகு ஒருவர், “அருமையான கதை. ஆனால் அத்தனை பேர் ஆசைப்பட்டும் விற்றது ஒன்றுதானே?” என்று கேட்டார்.

மார்ச்சோடு நிறுத்துகிறார்கள். அப்டேட் கிடையாது, உதிரி பாகம் கிடையாது, உன் அறைக்கு வாடகை கிடையாது. ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நானும் தூக்கினேன்.

திட்டிக்கொள். இந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அது அடுக்கின் கீழ்த்தட்டில் கிடப்பதைப் பார்க்கிறேன். செய்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. தோற்றுவிட்டேன் ஜீனா. கௌரவமாக அதை அடக்கம் செய்துவிடலாம்.

அனூஜ்


காஞ்சிரங்குளம்
22 டிசம்பர் 2024

அனூஜ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். அவர்கள் கை தூக்கியது எனக்கு வருத்தமில்லை. நீ தூக்கியதுதான் வருத்தம். சொல்லிவிட்டேன், இனி மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

ஜெட்டிக்குப் போய் ஈசாக் அண்ணனிடம் நானே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நண்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்: “இத உண்டாக்குனவன் நம்ம பனச்சமூட்டுக்காரன் ஆக்குமே. அவனுக்கு ரொம்ப சங்கடமா இருக்குமோ?”

ஆமாம் என்றேன்.

“அவன்கிட்ட சொல்லு மக்கா. பொழி மூடுனா நாங்க யாருக்க உத்தரவுக்கும் காத்து நிக்கமாட்டோம். மம்பட்டி எடுத்துட்டு எல்லாருமா எறங்கி வெட்டித் தெறப்போம். இதையும் எங்க கையில தந்தா நாங்க பாத்துக்கிடுவோம்.”

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். நண்டுக்குள் நம்மைத் தவிர யாரும் நுழைய முடியாதபடி பூட்டியிருப்பது நிறுவனம். பூட்டு அங்கே, மண்வெட்டி இங்கே. நான் என்ன செய்ய?

நீ தோற்றாய் என்று இந்தக் கரையில் ஒருவரும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் கேக் அனுப்புகிறேன். கோபமாக இருந்தாலும் கேக் கேக்தான்.

ஜீனா


பெங்களூரு
18 ஜனவரி 2025

அன்புள்ள ஜீனா,

கேக் வந்தது. ஈசாக் அண்ணன் கேட்ட அந்தக் கேள்விதான் அதைவிட இனித்தது. என் பொருளைக் குறை சொல்லாமல் என்னைப் பற்றிக் கவலைப்பட முகம் அறியாத ஒருவர் ஊர்ப்பக்கம் இருக்கிறார் என்பது எனக்கு இதுவரை தெரியாது. அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன்.

நிறுவனத்திலிருந்து விலகிவிட்டேன். கணக்கு முடிக்கும்போது, எனக்குச் சேர வேண்டிய பங்குக்குப் பதிலாக நண்டைக் கொடுங்கள் என்றேன். வரைபடம், மென்பொருள், பூட்டுக்கான சாவி எல்லாம். விற்காத சரக்கை விலை கொடுத்து எடுக்கிறானே என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். உடனே கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். “இனியாவது சிப்ஸ் தின்ன வருவியா?” என்று மட்டும் கேட்டார்.

ஆக, நண்டு இப்போது என்னுடையது. ஏலத்தில் நான் எடுத்திருக்கிறேன். எடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று உங்கள் சபையிடம் கற்றுக்கொண்டேன். இத்துடன் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். பூட்டைத் திறக்கும் சாவி அதில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே இறங்கி எதை வேண்டுமானாலும் மாற்றலாம். திருப்பி வைத்துவிட்டேன், ஜீனா.

இனி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

என்றும் உன்,
அனூஜ்


காஞ்சிரங்குளம்
27 ஜனவரி 2025

என் அன்புள்ள அனூஜுக்கு,

திருப்பி வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தாயா? திருப்பி வைத்ததை யாராவது மறுபடி எடுக்க வேண்டும், அதுதான் ஏலம். நாங்கள் எடுத்துவிட்டோம். அறை வாடகையை ஜெட்டிக்காரர்களும் பொன்னுதாஸ் அண்ணனும் பகிர்ந்துகொள்கிறார்கள். சுகிர்தபாய் மாமிக்குப் பந்தயத்தில் பெண்கள் படகு ஒன்று வேண்டுமாம்.

பென்டிரைவைத் திறந்து பார்த்தேன். நீ எழுதிய ஒவ்வொரு வரியும் அவ்வளவு சுத்தம், அவ்வளவு அழகு. பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

நேற்று பொழி மறுபடி இடம் மாறியிருக்கிறது. ஈசாக் அண்ணன் போன் செய்தார். இந்தமுறை நான் படத்தை மாற்றப்போவதில்லை. வரைந்தவன் வந்து கண்ணால் பார்த்து மாற்றட்டும் என்று சொல்லிவிட்டேன். பாறசாலையில் ரயிலிறங்கி பஸ் பிடி. முதலில் பனச்சமூடு, அம்மா, சிப்ஸ். அடுத்த நாள் காலை பூவார் ஜெட்டி.

ஈசாக் அண்ணன் திருப்பித் தந்த அந்த ஏலத்து நண்டைப் பொன்னுதாஸ் அண்ணன் மறுபடி எல்லாம் அழித்துப் புதிதாக்கி வைத்திருக்கிறார். திறந்தால் “யாருடைய கை?” என்று கேட்கிறது. யாரும் பெயர் போடவில்லை. உனக்காக விட்டுவைத்திருக்கிறோம்.

வந்து சேர்.
ஜீனா